வருஷக் கடிதமா, குடும்பக் குழுவா, பொதுப் பதிவா: வீட்டுச் சேதியை எதில் சொல்வது?

டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் தபால் பெட்டியில் ஒரு சிவப்பு உறை வந்து கிடக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்த வருஷத்திலிருந்து அது தவறியதில்லை. நான்கு வீடு தள்ளி இருக்கும் ஒரு பாட்டியம்மா அனுப்புவது. நடந்தே வந்து கொடுக்கக்கூடிய தூரத்துக்கு எதற்குத் தபால்தலை என்று முதல் வருஷம் யோசித்தேன். உள்ளே ஒரே ஒரு தாள். யாருக்கு முழங்கால் அறுவை நடந்தது, எந்தப் பேத்தி கல்லூரிக்குப் போனாள், கொல்லையில் தக்காளி காய்த்ததா, எல்லாம் அதில் இருக்கும். அடியில் நீல மையில், எங்களுக்கென்று கையால் எழுதிய ஒரு வரி.

இந்த நாட்டில் இதைக் கிறிஸ்துமஸ் கடிதம் என்கிறார்கள். இதைப் பற்றி அமெரிக்கர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஆவலோடு பிரித்துப் படிப்பவர்கள் ஒரு பக்கம். "பிள்ளை வாங்கிய பரிசு, போன தீவு, வாங்கிய படகு, இதைத்தானே எழுதுவார்கள்" என்று இதற்குப் பீற்றல் கடிதம் என்றே பெயர் வைத்தவர்கள் இன்னொரு பக்கம். இன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பற்றிச் சொல்லப்படும் இரண்டு குறைகள், அதாவது பெருமையடிப்பது, வேண்டாததையெல்லாம் சொல்வது, இரண்டுமே அதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கடிதத்தின் மேல் சொல்லப்பட்டவைதான்.

நம்மிடம் மூன்றாவது ஒரு கவலையும் உண்டு. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் டிசம்பர் வந்தால் இங்குள்ள தமிழ்த் தோழிகளிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு விதமாக வரும். நாமும் இப்படி ஒரு கடிதம் அனுப்பலாமா? ஃபேஸ்புக்கில் போட்டால் போதாதா? குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்கும்போது வேறு எதற்கு? எதுவுமே சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? ஒவ்வொன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், ஒன்றில் பெரிதாகத் தவறியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எவ்வளவு சொல்லலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது யாரிடம் சொல்கிறோம் என்பது. அம்மாவின் சர்க்கரை அளவை அக்காவிடம் சொன்னால் அக்கறை. அதே எண்ணை அறுநூறு பேர் பார்க்கும்படி எழுதினால் அம்மா கூசிப்போவார்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இவற்றைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்:

1. இது யார் யார் கைக்குப் போகும்? அவர்களின் பெயரை என்னால் வரிசையாகச் சொல்ல முடியுமா?
2. இந்தச் சேதி யாருடையது? அவரிடம் கேட்டாயிற்றா?
3. தப்பாகிவிட்டால் திரும்ப வாங்க முடியுமா?
4. படிப்பவர் மேல் என்ன சுமை ஏறுகிறது? பதில் போட்டே ஆகவேண்டுமா, ஒப்பிட்டு மனம் வாட வேண்டியிருக்குமா?
5. பணமும் நேரமும் எவ்வளவு ஆகும்?

இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். பிள்ளையின் மதிப்பெண்ணை நம்முடையது என்றும், மாமியாரின் நோயை வீட்டுக்குப் பொது என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

அவசரமாக இருப்பவர்களுக்கு அட்டவணை இதோ. காரணங்கள் பின்னால் வருகின்றன.

| வழி | யார் பார்ப்பார் | திரும்ப வாங்க | மறைந்திருக்கும் செலவு | எதற்குப் பொருத்தம் |
|---|---|---|---|---|
| வருஷக் கடிதம் | உறைமேல் பெயர் உள்ளவர், அவர் வீட்டார் | முடியாது. ஆனால் பரவாது | முகவரி சேர்ப்பது, இரண்டு மூன்று வார இறுதி | அபூர்வமாகச் சந்திப்பவர்கள், முதியவர்கள் |
| மின்னஞ்சல் கடிதம் | பெற்றவர், அவர் அனுப்பும் பிறர் | முடியாது | திறக்கப்படாமலே போவது | பழைய அலுவலக, கல்லூரி நட்பு |
| குடும்பக் குழு | குழுவினர், அவர்களின் மற்ற குழுக்கள் | சுமார் 2 நாள் வரை, அரைகுறையாக | முன்னனுப்பல் (ஃபார்வர்டு), பதில் போடாத மனத்தாங்கல் | பயண ஏற்பாடு, விசேஷ வேலை, அவசர உதவி |
| வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் | தொடர்பில் உள்ள எல்லோரும் | 24 மணி நேரத்தில் மறையும் | யார் பார்த்தார் என்ற ஏக்கம் | சின்னச் சந்தோஷம் |
| பொதுப் பதிவு | எண்ண முடியாது | அழிக்கலாம். நகல் போகாது | பிள்ளையின் விவரம், வீட்டின் விவரம் | நடந்து முடிந்த விழா, பொதுக் காரியம் |
| போன் | ஒரே ஒருவர் | தேவையில்லை | நேர வித்தியாசம், அழுகை | நோய், சாவு, அழைப்பு, கர்ப்பம் |

## வருஷக் கடிதம்

இதன் கதை பழையது. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு வந்த வாழ்த்துக் கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி, அதையே அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பினார். கடைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான். ஒரே சேதியைப் பலருக்கு எப்படிச் சொல்வது என்று நாம் இன்று திணறுவதைப் போலத்தான் அவரும் திணறியிருக்கிறார். பிறகு 1959-இல் ஜெராக்ஸ் 914 இயந்திரம் வந்து, நகலெடுப்பது ஒரு பொத்தானை அழுத்தும் வேலையாகச் சுருங்கிய பின், தட்டச்சு செய்த ஒரு தாளை அறுபது வீட்டுக்கு அனுப்புவது சாதாரணக் குடும்பத்துக்கும் சுலபமானது. "அச்சடித்த கடிதத்தில் எனக்கென்று என்ன இருக்கிறது" என்ற வருத்தமும் அதோடு சேர்ந்தே வந்தது.

நாமும் இதற்கு அந்நியர்கள் அல்ல. பொங்கல் வாழ்த்து அட்டை வாங்கக் கடையில் நெருக்கியடித்து நின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. கரும்பும் பானையும் மாடும் போட்ட அட்டையைப் பொறுக்கி எடுத்து, பின்பக்கம் இரண்டு வரி எழுதி அனுப்பினோம். நான் வளர்ந்தது பாளையங்கோட்டை. வட இந்தியாவுக்கு ஊழியத்துக்குப் போன குடும்பங்களிடமிருந்து ஜெபக் கடிதம் வரும். "மகனுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். மழையில் கூரை போய்விட்டது. மொழி இன்னும் சரியாக வரவில்லை. ஜெபியுங்கள்" என்று இருக்கும். அதைப் படித்து யாருக்கும் பொறாமை வந்ததில்லை. ஒன்றைக் கேட்டு எழுதும் கடிதத்தில் பீற்றலுக்கு இடமில்லாமல் போவதை அங்கேதான் பார்த்தேன்.

செலவு என்ன? 2025 ஜூலையில் வந்த கட்டணப்படி அமெரிக்காவுக்குள் ஒரு அவுன்ஸ் கடிதத்துக்கு 78 சென்ட். அறுபது வீடு என்றால் 46 டாலர் 80 சென்ட். அதே கட்டணப்படி இந்தியாவுக்கு ஒரு கடிதத்துக்கு 1 டாலர் 70 சென்ட். இருபது வீட்டுக்கு 34 டாலர். தாள், உறை, அச்சு தனி. ஒரு அவுன்ஸுக்குள் உறையோடு சாதாரணத் தாள் நாலு அடங்கும், அதனால் எடை பிரச்சினை இல்லை. அழகாக இருக்கிறதே என்று சதுர உறை வாங்கிவிடாதீர்கள். இயந்திரத்தில் போகாது என்று கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.

பணத்தைவிட நேரம்தான் உறைக்கும். முகவரிகளைச் சேர்க்கவே முதல் வருஷம் எனக்கு இரண்டு வாரம் ஆனது. சென்னையில் மட்டும் பதினோரு பேர் வீடு மாறியிருந்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போதே ஒவ்வொரு பெயராக யோசிக்க வேண்டிவரும். இவருக்கு இதை ஏன் சொல்கிறேன், இவர் இதைப் படித்தால் எப்படி எடுத்துக்கொள்வார் என்று. குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் தங்கைக்கும், போன மாதம் வேலை போன நண்பருக்கும் அதே தாள்தான் போகப்போகிறது என்று தெரிந்தால் எழுதும் கை தானாகவே நிதானப்படும். மற்ற வழிகளில் எனக்கு இந்த நிதானம் வந்ததில்லை.

அந்தப் பாட்டியம்மாவின் கடிதத்தை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் வந்ததன் முதல் வரி: "இந்த வருஷம் கடிதத்தை நான் மட்டும் எழுதுகிறேன்." அவ்வளவுதான். அதற்கு முன்பெல்லாம் இருவர் பெயரும் சேர்ந்து இருக்கும், பாதியை அவர் கணவர் எழுதியிருப்பார். கணவர் இறந்தது எங்களுக்குத் தெரியும், போயிருந்தோம். என்றாலும் அந்த வரியைச் சமையலறையில் நின்றபடி படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் கத்தரிக்காயின் பெயரைச் சரியாகச் சொல்ல முயன்ற கதையும் இருந்தது. என் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காய். அடியில் நீல மையில், "புதன்கிழமைகளில் சும்மாதான் இருக்கிறேன், வா." நான் போனேன். இன்றும் புதன் மாலை போகிறேன். ஃபேஸ்புக்கில் அதே சேதி வந்திருந்தால் ஒரு வருத்தப் படம் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

எழுதுவதாக இருந்தால் ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள். அவரவர் பத்தியை அவரவரே எழுதட்டும், இல்லையென்றால் படித்துச் சம்மதிக்கட்டும். நல்லதும் கெட்டதும் கலந்தே வரட்டும். நல்லது மட்டும் இருந்தால் படிப்பவர் நம்பமாட்டார். அடியில் கையால் ஒரு வரி இல்லாமல் ஒரு உறையையும் ஒட்டாதீர்கள். தமிழ்க் குடும்பம் என்றால் கிறிஸ்துமஸுக்கு அவசரப்பட வேண்டாம், பொங்கலுக்குப் போய்ச் சேரும்படி அனுப்பினாலும் சரி.

ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பவர்கள், பழைய அண்டைவீட்டார், பிள்ளைகளின் முன்னாள் ஆசிரியர், ஸ்மார்ட்போன் வைத்திருக்காத பெரியவர்கள், இவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நெருங்கிய சொந்தத்துக்கு இதை மட்டும் அனுப்பினால் வருத்தப்படுவார்கள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதை அச்சடித்த தாளில் படித்துத் தெரிந்துகொண்ட அத்தை மண்டபத்துக்கு வருவார், ஆனால் மனம் வராது.

## மின்னஞ்சல் கடிதம்

தபால் செலவில்லை, படம் நிறையச் சேர்க்கலாம். ஆனால் ஊரில் அறுபது தாண்டிய என் உறவினர்களில் மின்னஞ்சலைத் திறப்பவர்கள் குறைவு. திறந்தாலும் வங்கிச் சேதிகளுக்கு நடுவே புதைந்துவிடும். பெறுபவர் எல்லோருடைய முகவரியும் மேலே வரிசையாகத் தெரியும்படி அனுப்பினால், யாரோ ஒருவர் எல்லோருக்கும் பதில் போட, அது நாள் முழுக்க ஓடும். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி பிசிசி (BCC) கட்டத்தில் போடுங்கள். அலுவலக, கல்லூரி நட்புகளுக்கு இது போதும். பத்திரப்படுத்தி வைத்து மறுபடி எடுத்துப் படித்த மின்னஞ்சல் கடிதம் என்று எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.

## குடும்ப வாட்ஸ்அப் குழு

இதில்தான் நான் தவறினேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு வயிற்றில் வலி. தம்பி திருநெல்வேலியில் ஸ்கேன் எடுக்க அழைத்துப்போனான். அறிக்கையில் கட்டி என்று ஒரு சொல் இருந்தது. தம்பி எனக்கு அனுப்பினான். எங்கள் குடும்பக் குழுவில் பெரியப்பா மகன் டாக்டர். அவன் பார்க்கட்டும் என்று அறிக்கையைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். "அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்றும் எழுதினேன். எனக்கு அப்போது இரவு பதினொன்று. அவனுடைய பெயரைத் தேடித் தனியாக அனுப்ப அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்தக் குழுவில் 87 பேர். சம்பந்தி வீட்டாரும் உண்டு. யாரோ நல்லெண்ணத்தில் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்ட அனுப்பியிருக்கிறார்கள், இன்னொருவர் ஜெபக் குழுவுக்கு. நான் தூங்கி எழுந்தபோது அப்பாவிடமிருந்து போன். "ஏம்மா, என் வயித்துல கட்டியாம்லா? பால் வாங்கப் போன இடத்துல கேக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?" அவர் குரலில் கோபம் இல்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு தன் உடம்பைப் பற்றித் தனக்குத் தெரியவந்ததை அவர் அதற்கப்புறம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். கட்டி ஆபத்தில்லாதது என்று பிறகு தெரிந்தது, இன்று நன்றாக இருக்கிறார். அந்தப் போனை என்னால் மறக்க முடியவில்லை.

குழுவின் இயல்பு இதுதான். வாட்ஸ்அப் 2016-லிருந்து சேதிகளைப் பூட்டித்தான் அனுப்புகிறது, இடையில் யாரும் படிக்க முடியாது. ஆனால் அந்தப் பூட்டு 87 கைபேசிகளிலும் திறந்துகொள்கிறது. போட்ட சேதியை எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதி சுமார் இரண்டு நாள்வரைதான்; அதற்குள் முன்னனுப்பப்பட்ட நகல்களை அது தொடாது. படங்கள் பலருடைய கைபேசி ஆல்பத்தில் தானாகவே இறங்கியிருக்கும். ஒரு குழுவில் 1,024 பேர்வரை சேரலாம் என்று 2022-லிருந்து ஆகிவிட்டதால் குழுக்கள் வளர்ந்துகொண்டேதான் போகின்றன. தொடங்கும்போது ஒன்பது பேராக இருந்தது எண்பதாகும்போது யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

இன்னொரு செலவும் உண்டு. யார் யார் படித்தார்கள் என்பதை அழுத்திப் பார்த்துவிடலாம். "சித்தி பார்த்துட்டு ஒரு வாழ்த்துகூடப் போடலை" என்று ஆரம்பிக்கும் மனத்தாங்கல் தீபாவளிவரை நீளும். கடிதத்துக்குப் பதில் ஒரு மாதம் கழித்து வந்தாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இதற்காகக் குழுவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். குலதெய்வம் கோயிலுக்கு யார் வண்டி எடுக்கிறார்கள், அதிகாலை ரயிலுக்கு ஜங்ஷனுக்கு யார் போவது, அவசரமாக ரத்தம் வேண்டும், இந்த மாதிரி வேலைக்கு இதற்கு இணை கிடையாது. நாங்கள் இப்போது இரண்டாகப் பிரித்துவிட்டோம். உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர் மட்டும் உள்ள குழுவில்தான் உடம்பு, பணம், பிள்ளைகள் பற்றிய பேச்சு. பெரிய குழுவில் வாழ்த்தும் ஏற்பாடும் மட்டும்.

## ஸ்டேட்டஸ்

24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் பலரும் இதைப் பத்திரம் என்று நினைக்கிறார்கள். நீங்கள் அமைப்பை மாற்றாதவரை அது உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ள, உங்கள் எண்ணையும் சேமித்து வைத்திருக்கும் எல்லோருக்கும் போகும். அதில் வீட்டுச் சொந்தக்காரர் இருப்பார், குழாய் பழுதுபார்க்க வந்தவர் இருப்பார், பிள்ளையின் டீச்சர் இருப்பார். உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டுக் கொடைக்கானல் படம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. சிலரைத் தவிர்த்துவிட்டு, அல்லது சிலருக்கு மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. ஒருமுறை உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொண்டால், அந்த வாரம் பூத்த நித்தியமல்லியைக் காட்ட நல்ல இடம்.

## ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவு

ஃபேஸ்புக் 2004-இல் ஒரு கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கி, 2006 செப்டம்பரில் 13 வயது நிரம்பிய எல்லோருக்கும் திறந்தது. அதற்கு முன் பிறந்த என் மூத்த பெண்ணின் குழந்தைப் படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. அதற்குப் பின் பிறந்த பையனின் படங்கள், அவனுக்கே கணக்கு வைத்துக்கொள்ள வயதாகாத காலத்தில், என் கணக்கில் நூற்றுக்கணக்கில் இருந்தன. போன வருஷம் அவனை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டி, வேண்டாம் என்றவற்றை எடுத்தேன். முக்கால்வாசியை எடுக்கச் சொன்னான். தொட்டியில் குளிக்கும் படம் போகும் என்று எதிர்பார்த்தேன். பள்ளிப் பரிசோடு நிற்கும் படத்தையும் எடுக்கச் சொல்லுவான் என்று நினைக்கவில்லை. "அது எனக்குப் பிடிக்கும்மா, ஆனா ஏன் எல்லாரும் பார்க்கணும்?" என்று கேட்டான்.

பிரான்ஸில் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. பிள்ளையின் படத்தின் மேலான உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையையும் கலந்துகொள்ள வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், மற்றவரின் சம்மதம் இல்லாமல் படம் போடக்கூடாது என்று நீதிபதி தடுக்கலாம். இங்கே அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்தின் பதிவுகளை நிறுத்தச் சொல்லும் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. பொறுப்பு முழுக்க நம் கையில்தான்.

நமக்கென்று தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது. வங்கியில் அடையாளம் கேட்கும்போது அம்மாவின் பிறந்தகப் பெயர் என்ன என்பார்கள். நம் வழக்கத்தில் அது பெரும்பாலும் தாத்தாவின் பெயர். "எங்கள் தாத்தாவுக்கு இன்று எண்பது" என்று முழுப் பெயரோடு, ஊரோடு, தேதியோடு போட்டால் அந்தக் கேள்விக்கு விடையை நாமே எழுதி ஒட்டியதாகிவிடும். வீடு வாங்கியவர்கள் வாசலில் நின்று எடுக்கும் படமும் அப்படித்தான். ஒஹாயோவில் பெரும்பாலான கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) சொத்துக் கணக்கை வைத்திருக்கும் ஆடிட்டரின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பது வந்துவிடும். கதவில் இருக்கும் எண் படத்தில் தெரிந்தால், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்கத் தயங்கிய மாமாவுக்கும் தெரிந்துவிடும்.

ஒருவரை டேக் செய்தால் நம் பதிவு அவருடைய நண்பர்களுக்கும் தெரியக்கூடும். நண்பர்களுக்கு மட்டும் என்று போட்டது அப்படித்தான் கை மீறுகிறது. ஊருக்குப் போகும்போது விமான நிலையத்திலிருந்து படம் போடுவது, வீடு மூன்று வாரம் பூட்டியிருக்கிறது என்று சொல்வதுதான். தமிழ்நாட்டில் பண்டிகைக்கு வெளியூர் போகிறவர்களைப் பக்கத்துக் காவல் நிலையத்தில் தகவல் சொல்லச் சொல்கிறார்கள். நாம் அதைச் சொல்லாமல், ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். திரும்பி வந்து போட்டாலும் படம் அதே படம்தான்.

பார்ப்பவரின் மனமும் ஒரு செலவு. கடிதம் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, மடித்து வைத்தால் போய்விடும். இது தினமும், கேட்காமலே, அடுத்தவர் வாழ்க்கையின் நல்ல நிமிஷங்களாகவே வந்து விழுகிறது. தெரிந்த ஒரு பெண் எட்டாவது வாரத்திலேயே ஸ்கேன் படத்தைப் போட்டாள். பத்தாவது வாரத்தில் கரு தங்கவில்லை. அதைச் சொல்லிப் பதிவு போட அவளால் முடியவில்லை. அடுத்த ஆறு மாதம் கடையில், கோயிலில், பிறந்தநாள் விழாவில் யாராவது ஒருவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டே "எத்தனாவது மாசம்?" என்று கேட்டார்கள். ஐந்தாம் மாதம்வரை வெளியே சொல்லாதே என்று நம் பெரியவர்கள் கண்ணேறுக்குப் பயந்துதான் சொன்னார்கள். ஆனால் அந்த வழக்கம் இந்த ஒரு கேள்வியிலிருந்து எத்தனை பெண்களைக் காப்பாற்றியிருக்கும் என்று அவளைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் எப்போது இதுதான் சரி? நடந்து முடிந்த கல்யாணம், சம்பந்தப்பட்டவர் ஒப்புக்கொண்ட படத்தோடு. தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா, வெள்ள நிவாரணத்துக்கு உதவி கேட்பது, தொலைந்துபோன பூனை. இறந்தவரைத் தெரிந்தவர்கள் உலகெங்கும் இருந்து அவர்கள் முகவரி நம்மிடம் இல்லாதபோது, இறுதிச் சடங்கின் நேரத்தைச் சொல்வது. சொந்தங்களுக்குப் போனில் சொல்லி முடித்த பிறகு.

## போன்

துஷ்டிச் சேதியை, அதாவது சாவுச் சேதியை, ஆள்விட்டு நேரில் சொல்லியனுப்பிய ஊர்கள் நம்முடையவை. கல்யாணத்துக்குத் தாம்பாளத்தோடு வாசலில் வந்து நின்று அழைத்தால்தான் அழைப்பு. கடல் தாண்டி இருப்பவர்களுக்கு நேரில் போவது முடியாது, அதற்கு அடுத்தது குரல். குளிர்காலத்தில் எங்களுக்கும் ஊருக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். இங்கே இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே காலை ஆறரை, பெரியவர்கள் எழுந்து காபி குடிக்கும் நேரம். பத்துப் பேரைக் கூப்பிட இரண்டு மாலை ஆகும், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி முதலிலிருந்து அழ வேண்டும். அதனால் நோயோ சாவோ என்றால் அக்காவும் நானும் பட்டியலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம்.

## இனி, உங்கள் வீட்டு நிலைமைக்கு

கர்ப்பம் என்றால் பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் போனில். மற்றவர்களுக்கு எப்போது, எதில் என்பதைச் சுமக்கும் பெண் தீர்மானிக்கட்டும். மாமியார் ஸ்டேட்டஸில் போடும் முன் கேட்க வேண்டும். பிள்ளையின் மதிப்பெண் தாத்தா பாட்டிக்குப் போனில் போதும், அதையும் பிள்ளையே சொல்லட்டும். நோய் என்றால் முதலில் நோயாளிக்கு, பிறகு அவர் யாருக்குச் சொல்லச் சொல்கிறாரோ அவர்களுக்கு. வேலை போனதைக் குழுவில் போடாதீர்கள். உதவக்கூடிய மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொன்னால் காரியம் நடக்கும். புது வீடு, பதவி உயர்வு, பிள்ளைக்குக் கல்லூரியில் இடம், இவை வருஷக் கடிதத்தில் ஒரு வரியாக, வருஷத்தின் மற்ற வரிகளுக்கு நடுவே வந்தால் உறுத்தாது.

எதுவுமே சொல்லாமல் இருப்பதும் ஒரு வழிதான், அதையும் இரண்டு வருஷம் செய்து பார்த்தேன். அப்பாவின் சம்பவத்துக்குப் பிறகு பயந்து வாயை மூடிக்கொண்டேன். அதற்கும் செலவு உண்டு. மதுரையில் என் கல்லூரித் தோழி விவாகரத்தாகி, மகனோடு கோவைக்குக் குடிபோய், மறுபடி வேலைக்குச் சேர்ந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொல்லாததால் அவளும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

இந்த வருஷத்துத் தாள் சாப்பாட்டு மேஜைமேல் இருக்கிறது. பெண் தன் பத்தியில் நான் எழுதிய இரண்டு வரியை அடித்துவிட்டு, கார் ஓட்டும் தேர்வில் முதல்முறை தேறாததைத் தானே சேர்த்திருக்கிறாள். பையனின் இடம் இன்னும் காலி, ஞாயிற்றுக்கிழமைவரை கேட்டிருக்கிறான். அப்பாவின் மூட்டுவலி பற்றி ஒரு வரி இருக்கிறது, நேற்று போனில் படித்துக் காட்டினேன். "வலது கால்னு போட்டிருக்க, இடது" என்றார். திருத்திவிட்டேன்.